தேதி இல்லாத ஆஃபர் லெட்டர்: ஐ.டி. நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் கல்லூரி ஆள்சேர்ப்பை முடிவு செய்யும் மனிதவளத் தலைவர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து சென்ற வாரம் எங்கள் பிளேஸ்மென்ட் பிரிவுக்கு மின்னஞ்சல் வந்தது. முதல் பத்தியில், போன ஆண்டு எங்கள் கல்லூரியில் தேர்ந்தெடுத்த மாணவர்களின் ஜாயினிங், அதாவது வேலையில் சேரும் நாள், தொழில் தேவையைப் பொறுத்து மறுபடியும் தள்ளிப்போகிறது என்ற தகவல். இரண்டாவது பத்தியில், இந்த ஆண்டு கேம்பஸ் ஆள்சேர்ப்பின் முதல் நாளைத் தங்களுக்கே ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை. கடைசியில், தங்களிடம் தேர்வாகும் மாணவர்களை வேறு நிறுவனத் தேர்வுக்கு அனுப்பக் கூடாது என்ற நினைவூட்டல்.

இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல எழுத முடிந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் பலரிடமிருந்து இதே மாதிரிக் கடிதங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருக்கின்றன. எனவே பதிலும் எல்லோருக்கும் சேர்த்தே.

நான் தென் தமிழகத்தின் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். பல ஆண்டுகளாகப் பிளேஸ்மென்ட் பொறுப்பையும் பார்க்கிறேன். எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். சென்னையில் திறக்கப்படும் ஜி.சி.சி.கள் (வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களுக்கென நடத்தும் மையங்கள்) நல்ல சம்பளம் தருவதாகப் பத்திரிகையில் படிக்கிறோம். அவை எங்கள் கல்லூரி வாசலுக்கு வருவதில்லை. வருவது நீங்கள்தான். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இங்கே இவ்வளவு மதிப்பு.

'ஒரு மாணவருக்கு ஒரு வேலை' என்ற விதி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தில் தேர்வானவர் அடுத்த நிறுவனத்தின் தேர்வு அறைக்குள் நுழைய முடியாது. இடம் எல்லோருக்கும் பரவலாகக் கிடைக்கட்டும் என்பது எங்கள் நோக்கம். தேர்ந்தெடுத்த பிள்ளைகள் கை நழுவக் கூடாது என்பது உங்கள் நோக்கம். இரண்டும் ஒத்துப்போனதால் விதி நின்றது. ஆனால் அந்த விதி ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: நீங்கள் தேர்ந்தெடுத்தால் வேலை உண்டு என்ற நம்பிக்கை. இப்போது நீங்கள் தருவது பெரும்பாலும் லெட்டர் ஆஃப் இன்டென்ட், வேலை தரும் எண்ணம் உண்டு என்று மட்டும் சொல்லும் கடிதம். அதில் சேரும் தேதி இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம் என்ற வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. மாணவரைக் கட்டிப்போடும் அந்தக் கடிதம் உங்களை எதிலும் கட்டவில்லை.

காத்திருப்பதில் என்ன நஷ்டம், வேறு வேலை தேடிக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். தேட முடியாதபடி வைத்திருப்பதும் உங்கள் விதிமுறைகள்தான். உங்களில் பலரின் ஃப்ரெஷர் (புதிய பட்டதாரி) அறிவிப்பைப் பாருங்கள்: அந்தந்த ஆண்டு படிப்பை முடித்தவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம், படிப்பில் இடைவெளி கூடாது, முடித்த பிறகும் கூடாது. 2022-ல் முடித்தவர் 2023-ல் விண்ணப்பித்தால் பல இடங்களில் கணினியே தள்ளிவிடுகிறது. உங்களுக்காகக் காத்திருந்த ஓராண்டை இன்னொரு நிறுவனம் 'கேப்' என்று எழுதுகிறது. ஏன் சும்மா இருந்தாய் என்று நேர்காணலில் கேட்கிறார்கள். சும்மா இல்லை சார், உங்களைப் போன்ற ஒரு கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் யார் மதிக்கிறார்கள்?

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். 2022-ல் முடித்தவள். சாத்தூர் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆலையில் வேலை. முதல் பட்டதாரிச் சலுகையில் படித்தவள். ஏழாவது செமஸ்டரிலேயே உங்களில் ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதம் இன்னொரு நிறுவனம் வந்தது, சம்பளமும் கொஞ்சம் கூட. விதிப்படி அவள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் கல்லூரி வைத்த ஃப்ளெக்ஸில் அவள் படம் இருந்தது. அப்பா கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

படிப்பு முடிந்தது. வந்த வரன்களை எல்லாம் "பிள்ளை வேலைக்குப் போகப் போகுது" என்று சொல்லி வீட்டில் தள்ளி வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அது எவ்வளவு பெரிய முடிவு என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஓராண்டு போனது. நிஜமாகவே வேலை கிடைத்திருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் அப்பா அடிக்கடி எனக்குப் போன் செய்வார். "எப்போ சார் கூப்பிடுவாங்க? ஒரு மாசம் சொல்லுங்க, அது போதும், நான் சமாளிச்சுக்குவேன்." எனக்குச் சொல்ல ஒரு மாதம் இல்லை. உங்கள் ஹெல்ப்டெஸ்க் எனக்கும் அவருக்கும் ஒரே வாசகத்தைத்தான் அனுப்பியது: உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும். இரண்டாவது ஆண்டில் கல்யாணம் முடிந்தது. ஜாயினிங் மின்னஞ்சல் வந்தபோது அவளிடம் கைக்குழந்தை இருந்தது. பத்து நாளுக்குள் ஹைதராபாத்தில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. அவளால் போக முடியவில்லை. உங்கள் பதிவேட்டில் அவள் சேர விரும்பாதவர். அப்படித்தான் எனக்கு வந்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்தது.

அவள் திறமையில் குறை இல்லை. உங்கள் ஆப்டிட்யூட், கோடிங், நேர்காணல் எல்லாவற்றையும் தாண்டித்தான் தேர்வானாள். ஒரு தேதி இருந்திருந்தால் அவள் இன்று உங்கள் அலுவலகம் ஒன்றில் இருந்திருப்பாள் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும்தான் வங்கி பொதுவாக அவகாசம் தரும். வட்டி அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் ஜாயினிங்கை ஓராண்டுக்கு மேல் தள்ளினால் சம்பளம் வருவதற்கு முன்பே தவணை வந்துவிடும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டே மதுரையில் ஜவுளிக்கடை பில்லிங்கில் நின்ற மாணவர்களை எனக்குத் தெரியும். கடைக்காரரிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் போய்விடுவான் என்று தெரிந்தால் அந்த வேலையும் போய்விடும்.

இதை எல்லாம் சந்தையின் ஏற்ற இறக்கம் என்கிறீர்கள். சரி, சந்தையைப் பற்றியே பேசுவோம். 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வேலைகள் குவிந்தன, ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நிறுவனம் மாறினார்கள், உங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் சில பட்டதாரிகள் இரண்டு மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை ஒழுக்கக்கேடு என்றீர்கள். கொடுத்த வாக்கை மீறும் மாணவர்களைக் கண்டிக்கச் சொல்லி எங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். நாங்களும் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினோம்.

அடுத்த ஆண்டே காற்று திரும்பியது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் கொடுத்து வைத்திருந்தவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வரத் தயாரா என்று கேட்டது. ஏறக்குறையப் பாதி. 2023-24 முடிவில் டி.சி.எஸ்.ஸின் ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது. 2022-ல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்தவர்களில் சுமார் இரண்டாயிரம் பேர் இரண்டு ஆண்டு காத்திருந்ததும், 2024-ன் பிற்பாதியில்தான் உள்ளே எடுக்கப்பட்டதும் நாடறிந்த செய்தி. 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். அவர்களில் பலர் அந்த இரண்டு ஆண்டு காத்திருப்பிலிருந்து வந்தவர்கள்.

சந்தை ஏறும்போது மாணவர் கூடுதல் கேட்டால் வாக்கு மீறல். சந்தை இறங்கும்போது நீங்கள் பாதியாகக் குறைத்தால் தொழில் தேவை. இந்த இரண்டையும் ஒரே வகுப்பறையில் நின்று நியாயப்படுத்தும் வேலையை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவிட்டீர்கள். என்னால் இனி அது முடியாது.

அப்புறம் சம்பளம். நான் இந்தப் பொறுப்புக்கு வந்த காலத்தில், 2012-ஐ ஒட்டி, உங்கள் அடிப்படை பேக்கேஜ் ஆண்டுக்கு மூன்றேகால் லட்சத்தைச் சுற்றி இருந்தது. இன்று டி.சி.எஸ்.ஸின் அடிப்படை நிலையான நிஞ்சா பிரிவில் 3.36 லட்சம், இன்ஃபோசிஸின் சிஸ்டம் இன்ஜினியருக்கு 3.6 லட்சம். மற்றவர்களும் இதே வட்டத்துக்குள்தான். அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு 2012-ல் 100. 2024 இறுதியில் அது 195-ஐ ஒட்டி நின்றது. அதாவது அன்றைய மூன்றேகால் லட்சத்துக்கு இன்று ஈடு ஆறு லட்சத்துக்கும் மேல். எங்கள் வீடுகளில் கணக்குப் பார்ப்பது பவுனில். 2012-ல் ஒரு பவுன் இருபத்துமூன்றாயிரம் ரூபாய் வாக்கில் இருந்தது; புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கையில் வரும் ஒரு மாதச் சம்பளத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு பவுன். 2025-ல் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. இப்போது கையில் வரும் சம்பளத்தில் நான்கு மாதமாவது வேண்டும்.

மூன்றரை லட்சம் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கு விளக்கும் வேலையும் எனக்குத்தான் வருகிறது. மாதத்துக்கு இருபத்தொன்பதாயிரம் என்று அவர்கள் வகுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீடு, ஆண்டு முடிவில் வந்தால் வரும் வேரியபிள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். வங்கிக் கணக்கில் விழுவது இருபத்திரண்டாயிரம், மிஞ்சினால் இருபத்துமூன்றாயிரம். சென்னை ஐ.டி. பகுதியான சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறைக்குச் சாப்பாட்டோடு எட்டு, ஒன்பதாயிரம் போகும். கடன் தவணை போகும். ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று என் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். பலர் முதல் ஆண்டில் வீட்டிலிருந்து பணம் வாங்கித்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மகன் ஐ.டி.யில் இருக்கிறான் என்று ஊர் நினைக்கும். அப்பா கூலி வேலையிலிருந்து அவனுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

இதற்கு நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். திறமை இருப்பவருக்கு ஏழு லட்சமும் ஒன்பது லட்சமும் தருகிறோம் என்பீர்கள். தருகிறீர்கள், நல்ல விஷயம். அந்தத் தேர்வில் என் மாணவர் சிலரும் தேறியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஆள்சேர்ப்பின் பெரும்பகுதி அடிப்படைப் பிரிவில்தான் நடக்கிறது. மேலே இருக்கும் சிலரைக் காட்டிக் கீழே இருக்கும் பல்லாயிரம் பேரின் சம்பளத்தைப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டு அசையாமல் வைத்திருப்பதற்கு அது பதில் ஆகாது. வாடிக்கையாளர் கட்டணம் ஏறவில்லை என்பீர்கள். இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரியின் 2024-25 ஊதியம் 80 கோடி ரூபாய்க்கு மேல் என்று அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையே சொல்கிறது. மேல் மாடிக்கு ஏறும் வழி தெரிந்த பணத்துக்குத் தரைத்தளம் மட்டும் ஏன் தெரியவில்லை? இதை நான் மட்டும் கேட்கவில்லை. இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பாயும் ஃப்ரெஷர் சம்பளம் தேங்கிக் கிடப்பதை வெளிப்படையாகவே பலமுறை பேசியிருக்கிறார்.

படித்து வருபவர்களுக்கு வேலை தெரியவில்லை, பயிற்சிக்கு மாதக்கணக்கில் செலவு செய்கிறோம் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. எங்கள் பாடத்திட்டம் பின்தங்கியிருக்கிறது, ஆய்வகங்கள் போதாது. அதைச் சரிசெய்வது எங்கள் கடமை, செய்துகொண்டும் இருக்கிறோம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டு ஆண்டு வெறுமனே வைத்திருந்தால் கற்றதும் மறக்கும். அப்புறம் பயிற்சித் தேர்வைக் கடுமையாக்கி வெளியே அனுப்பினால், அந்த மறதிக்கு யார் காரணம்? அப்படி வெளியே வந்த என் மாணவர் ஒருவரை எந்த வரிசையிலும் சேர்க்க முடியவில்லை. ஃப்ரெஷர் என்றால், ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்தவர் என்று பி.எஃப். எண் சொல்கிறது. அனுபவம் உள்ளவர் என்றால், நான்கு மாதப் பயிற்சியை அனுபவமாக யாரும் ஏற்பதில்லை. ரிலீவிங் லெட்டரில் 'தேவையான தகுதியை எட்டவில்லை' என்ற வரி வேறு. அதைப் பார்த்த பிறகு அடுத்த நிறுவனத்தின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் (பின்னணிச் சரிபார்ப்பில்) என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஏ.ஐ. வந்துவிட்டது, எத்தனை பேர் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பது இப்போதைய பதில். நம்புகிறேன். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நாளை எப்படி இருக்கும் என்ற குழப்பம் உங்களுக்கும் உண்டு. அப்படியானால் ஏழாவது செமஸ்டரில் வந்து ஆயிரக்கணக்கில் கடிதம் கொடுக்காதீர்கள். தேவை தெரிந்த பிறகு, எட்டாவது செமஸ்டர் முடிவில் வாருங்கள். நிச்சயமின்மையின் சுமை முழுவதையும் இருபத்தோரு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஊழியருக்கு நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. வேலையை விட்டுப் போனால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்கச் சொல்கின்றன. நல்ல விதிகள். ஆனால் தேதி இல்லாத கடிதத்தோடு வீட்டில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் ஊழியரே அல்ல. அவருக்கு என்று பேச யாரும் இல்லாததால்தான் இந்தக் கோரிக்கைகளை நேராக உங்களிடமே வைக்கிறேன்.

முதலாவது, கேம்பஸில் தரும் கடிதத்தில் சேரும் மாதம் இருக்க வேண்டும். அந்த மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை தள்ளலாம். தொழிலில் தாமதம் ஏற்படும், புரிகிறது. அதற்கு மேல் தள்ளினால், சேரும் நாள் வரை சொன்ன மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால், இவர் தகுதி குறைவால் நிறுத்தப்படவில்லை, எங்கள் காரணத்தால்தான் விடுவிக்கிறோம் என்று எழுதிய கடிதத்தோடு விடுவியுங்கள். உங்களுக்காகக் காத்திருந்த காலத்தை உங்களில் யாரும் 'கேப்' என்று கணக்கிடக் கூடாது. இதை நீங்கள் எல்லோரும் ஒரே நாளில் முடிவு செய்யலாம், பைசா செலவில்லை.

ஒப்புக்கொண்ட சம்பளத்தைச் சேருவதற்கு முன் குறைக்காதீர்கள். கடிதத்தில் ஆண்டு பேக்கேஜுக்குப் பக்கத்திலேயே, மாதம் கையில் வரும் தொகையைத் தமிழ் படிக்கும் ஒரு பெற்றோருக்குப் புரியும்படி எழுதுங்கள்.

அடிப்படைப் பிரிவின் தொடக்கச் சம்பளத்தை வரும் ஆள்சேர்ப்பிலிருந்து ஐந்து லட்சமாக்குங்கள். விலைவாசிக் கணக்குப்படி ஆறுக்கு மேல் வர வேண்டும். ஒரேயடியாக அதை நான் கேட்கவில்லை. ஐந்தில் தொடங்கி, அதன் பிறகு ஆண்டுதோறும் விலைக் குறியீட்டோடு சேர்த்து ஏற்றுங்கள்.

பயிற்சித் தேர்வின் பாடமும் தேர்ச்சி மதிப்பெண்ணும் சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும், நடுவில் மாறக் கூடாது. தேறாதவரை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று மாதச் சம்பளம் கொடுத்து, குறை சொல்லாத ரிலீவிங் லெட்டரோடு அனுப்புங்கள். அவரிடம் பாண்டு பணம் (ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் கேட்கும் தொகை) கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்து முடிவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் முதல்வரின் ஒப்புதலோடு, இந்த ஆண்டு முதல் சேரும் மாதம் குறிப்பிடாத கடிதத்தை வேலையாகக் கணக்கில் எடுக்கப் போவதில்லை. அத்தகைய கடிதம் பெற்ற மாணவர் வேறு எத்தனை நிறுவனத் தேர்வுக்கு வேண்டுமானாலும் போகலாம். மற்றக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பொறுப்பாளர்களும் இதையே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேம்பஸ் அட்டவணையை ஆகஸ்ட் 31-ல் இறுதி செய்கிறோம். அதற்குள் போன ஆண்டு மாணவர்களுக்கான சேரும் தேதியை எழுத்தில் அனுப்பும் நிறுவனத்துக்கு முதல் நாள் உண்டு. அனுப்பாதவர்களுக்கு இந்த ஆண்டு இடம் இல்லை.

இப்படிக்கு,
பிளேஸ்மென்ட் பொறுப்புப் பேராசிரியர்,
தென் தமிழகத்தின் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து